கடலைக் குடித்த பிகெமோத்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மூத்த மகள் நலம், பிள்ளைகள் நலம், சின்ன மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் தேவைக்கு மேலேயே நலம். என் நலத்தை நீங்கள் விசாரிக்காததால் அதைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

சின்ன மாப்பிள்ளைக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவன் எங்கள் நாடகப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினான். பத்திரிகையில் படம் பார்த்தீர்களாம், அவன் நாடகத்துக்குச் செய்த லிவியாதான் என்ற கடல் மிருகம் பிரமாதமாம், உங்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அதே தபாலில் எனக்கு வந்த கடிதத்தில் "அங்கே மழை உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். உண்டு மாமா. நன்றாகப் பெய்கிறது. இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு மகள்களில் ஒருத்தி வீட்டோடு வந்துவிடப்போவதாகவும், எந்த வீடு என்று யோசித்துச் சொல்வதாகவும் சொன்னவர் நீங்கள். ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்து அந்த முடிவை எடுத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பொறாமை என்று உங்கள் மகள் சொல்வாள். நம்பாதீர்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் நாடகக் குழு இந்த முறை பைபிளில் வரும் யோபுவின் கதையை எடுத்துக்கொண்டது. சொத்தும் பிள்ளைகளும் போய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்துகொண்டு யோபு "எனக்கு ஏன் இந்தக் கதி?" என்று கேட்க, கடவுள் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், நான் படைத்த இந்த இரண்டு மிருகங்களைப் பார் என்று காட்டுகிறார். தரையில் பிகெமோத், கடலில் லிவியாதான். பட்டறையில் பெரிய உருவங்கள் செய்வது நானும் அவனும்தான் என்பதால் இயக்குநர் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூத்தவன் என்ற முறையில் நான் முதலில் கை நீட்டினேன். வேதத்தில் பிகெமோத்தானே முதலில் வருகிறது, முதலில் வருவதுதானே பெரியதாக இருக்கும் என்று அதையே எடுத்தேன். பக்கத்தைப் புரட்டி அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்தது என் தலையெழுத்து. பிகெமோத்துக்கு ஓர் அத்தியாயத்தின் வால்பகுதியில் கொஞ்சம் இடம். மாடு மாதிரி புல் தின்னும், நாணல் நிழலில் படுத்துக்கொள்ளும், வால் கேதுரு மரம் மாதிரி இருக்கும், ஆறு பெருகி வந்தாலும் அசையாது, முடிந்தது. லிவியாதானுக்கோ அடுத்த அத்தியாயம் முழுவதும்! பல்லுக்குத் தனியாக, செதிலுக்குத் தனியாக, மூக்கிலிருந்து வரும் புகைக்குத் தனியாக, தும்மலுக்குக்கூடத் தனியாக ஒரு வரி. நானும்தான் வாழ்நாளெல்லாம் தும்முகிறேன், ஒருவர் திரும்பிப் பார்த்ததில்லை.

போதாக்குறைக்கு, யூத மரபுக் கதைகளைக் கரைத்துக் குடித்த ஒரு பேராசிரியையை இயக்குநர் பட்டறைக்கு அழைத்து வந்தார். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "கடைசிக் காலத்துல இந்த ரெண்டு மிருகமும் மோதிக்கும். ரெண்டும் செத்துப்போகும். நல்லவங்களுக்கெல்லாம் அதுங்களோட கறியில பெரிய விருந்து. லிவியாதானோட தோல உரிச்சு, அந்த விருந்துக்குக் கூடாரம் போடுவாங்க. மிச்சத் தோலு நகரத்து மதில் மேல தகதகன்னு மின்னும்."

நான் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "என்னோடதோட தோலு என்னம்மா ஆகும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். "அதப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா உங்க மிருகம் தினமும் ஆயிரம் மலைப் புல்லத் திங்கும்."

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த உங்கள் மூத்த மகள். எல்லோரும் சிரித்தார்கள். சின்ன மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனைத் திட்டியிருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. வானத்தை மறைக்கும் ஸிஸ் என்றொரு ராட்சதப் பறவையும் அந்தக் கதைகளில் உண்டாம். இயக்குநர் அதை ஒரு போர்வையை விளக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டிவிடலாம் என்று முடித்துவிட்டார். எனக்கும் கீழே ஒரு ஜீவன் இருப்பதில் அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. நான் பெற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டில் கடைசிக் கட்டத்தில் கடலைப் பிளந்துகொண்டு வருவது லிவியாதான். பழைய காலத்துக் கடல் வரைபடங்களில் மாலுமிகள் பயந்து பயந்து வரைந்ததும் அந்தப் பாம்பு ஜாதிதான். பிகெமோத் எங்கேடா என்று கேட்டால், "அது குண்டா எது இருந்தாலும் சொல்ற பேருப்பா" என்கிறான் பெரியவன். சொல்லும்போது அவன் பார்த்த பார்வை சரியில்லை.

இதற்குள் சின்ன மாப்பிள்ளை தன் மிருகத்துக்கு மூக்கில் புகை இயந்திரம் வைத்து, கண்ணில் சிவப்பு விளக்கு வைத்து, வயிற்றுக்கடியில் சக்கரப் பலகை கட்டி, அதில் தானே குப்புறப் படுத்துக்கொண்டு உருட்டிப் பார்த்துவிட்டான். பெருக்குகிறவர், டிக்கெட் கொடுக்கிறவர், யோபுவாக நடிக்கிறவர் எல்லோரும் வந்து கைதட்டினார்கள். நான் மூன்று ஆட்களோடு என் மாட்டுக்குள் நின்றுகொண்டு வாலை ஆட்டினேன். "அண்ணே, வால் நல்லா வருது" என்று அவன் மட்டும் சொன்னான். அன்றுதான் முடிவு செய்தேன். ஆறு வந்தால் என் மிருகம் பதறாது என்றுதானே எழுதியிருக்கிறது, யோர்தான் நதியே வாய்க்குள் பாய்ந்தாலும் அசையாது என்றுதானே இருக்கிறது? சரி, என் மிருகம் மேடையிலேயே ஆற்றைக் குடிக்கட்டும். நீண்ட நீலத் துணியை ஆறாக விரித்து, அதன் நுனியைப் பிகெமோத்தின் வாய்க்குள் ஓர் உருளையில் கட்டி, உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுற்றினால் ஆறு மெல்ல மெல்ல வாய்க்குள் போய் மறையும். இயக்குநர் அசந்துவிட்டார். இத்தனை வருடத்தில் என் யோசனையைக் கேட்டு அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் துணியை ஒரு தரம் முழுதாக விரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் தையற்காரர் சொன்னதை மட்டும் செய்கிற ஆள் இல்லை, நியாயத்தையும் யோசிக்கிறவர். ஆறு என்றால் கடலில் போய்ச் சேர வேண்டாமா என்று நினைத்து, என் ஆற்றின் மறுநுனியை லிவியாதான் மிதக்கும் கடல் துணியோடு சேர்த்து இரட்டைத் தையல் போட்டுவிட்டார்.

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. என் காட்சி வந்தது. மாட்டின் வயிற்றுக்குள் இருட்டு, வெளியே ஒன்றும் தெரியாது, காது மட்டும்தான். சுற்ற ஆரம்பித்தேன். "ஆ" என்றார்கள். இன்னும் சுற்றினேன். கைதட்டினார்கள். ஆறு முடிகிற இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், துணி இன்னும் வந்துகொண்டே இருந்தது, கைதட்டலும் வந்துகொண்டே இருந்தது, எனக்குத்தான் என்று நினைத்து இரண்டு கையாலும் சுற்றினேன் மாமா. கைப்பிடி கனத்தது. முன்னங்காலில் நின்றவர் "அண்ணே, கடல் வருதுண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தினார். இந்த நேரத்தில் என்ன விளையாட்டு என்று நான் மேலும் இழுத்தேன். மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது: மொத்தக் கடலும் என் மிருகத்தின் வாய்க்குள் வந்துவிட்டது. கடல் துணியோடு ஊசி குத்திச் சேர்த்திருந்த லிவியாதானும் தரதரவென்று இழுபட்டு மேடை நடுவில் வந்து நின்றது. சக்கரப் பலகை கழன்று எங்கோ ஓடிவிட்டது. கீழே வெறும் பலகைத் தளம், அதில் உங்கள் சின்ன மாப்பிள்ளை, பனியனோடு.

வேறொருவனாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பான், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஓடவில்லை. முழங்கையை ஊன்றி, அந்த முழு உருவத்தையும் முதுகில் சுமந்துகொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகை விட்டு, தண்ணீர் இல்லாத கடலில் தவிக்கிற மிருகமாக யோபுவின் காலடிவரை ஊர்ந்து போனான். யோபு நிஜமாகவே அழுதுவிட்டார். சபை எழுந்து நின்றது. பத்திரிகையில் வந்த படம் அந்த நிமிடம்தான். அதன் இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சுவர்மாதிரி ஒன்று தெரிகிறதே, அது சுவரில்லை மாமா. நான்தான்.

திரை விழுந்ததும் அவன் நேராக என்னிடம் வந்தான். சட்டையைப் பிடிப்பான் என்று தயாராக நின்றேன். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. "நல்லா இழுத்தீங்கண்ணே, இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா நானும் உள்ள வந்திருப்பேன்" என்று சிரித்தான். இப்படிப்பட்டவனோடு எப்படிச் சண்டை போடுவது? வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல? கடலைக் குடித்தது யார்? நான். அவன் பெயர் வாங்கக் காரணம் யார்? நான். பாராட்டுக் கடிதம் யாருக்கு வந்தது?

ஆகவே மாமா, நீங்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். முன்னறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டேன். கட்டில் நானே செய்தது, ஆடாது. அவன் வீட்டுக் கட்டில் பார்க்க அழகாக இருக்கும், கிரீச்சென்று சத்தம் போடும். என்னை ஒரு தடவை தேர்ந்தெடுங்கள். முதலில் வந்த மாப்பிள்ளை நான்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் எல்லோருக்கும் வேண்டும். பங்கிடும்போது மூத்தவன் பக்கம் கொஞ்சம் தாராளமாக விழட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் இயக்குநர் வந்தார். வெளியூரில் ஒரு பெரிய குழுவினர் லிவியாதானையும் அதைச் செய்தவனையும் நிரந்தரமாகவே கேட்கிறார்களாம். பிகெமோத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் குடும்பத்தோடு போவதா என்று யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து கிழிந்த செதில்களை ஒட்டிக்கொண்டிருக்கிறான். கோணலாகத்தான் ஒட்டுகிறான், அப்படியும் அழகாகத்தான் இருக்கிறது. மாமா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். நீங்கள் அவன் வீட்டிலேயே தங்குங்கள். மாமனார் வந்து தங்கியிருக்கும்போது அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப மாட்டான், அந்த மரியாதை அவனுக்கு உண்டு. அங்கே போய்ச் சேர்ந்ததும், இனிப் பயணம் ஆகாது, முழங்கால் வலி என்று சொல்லிப் படுத்துவிடுங்கள். மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், இதைக் கண்டதும் புறப்படுங்கள். அவனும் போய்விட்டால் நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது?