அறுபது வெங்காயமும் ஓர் ஒப்பாரியும்

வெங்காயம் சிவக்கப் பத்து நிமிடம் போதும் என்று எழுதுகிறவர்கள் அனைவரும் பொய்யர்கள். தமிழில் படித்துப் பார்த்துவிட்டேன், ஆங்கிலத்திலும் பார்த்துவிட்டேன், மலாயில் மருமகள் படித்துக் காட்டக் கேட்டும்விட்டேன். 'பழுப்பு நிறமாகி இனிக்கும்வரை வதக்கவும்' என்று போட்டு, பக்கத்திலேயே கூசாமல் 'பத்து நிமிடம்' என்று போடுகிறார்கள். சின்னத் தீயில், அடுப்பை விட்டு நகராமல் கிளறினாலும் முக்கால் மணி நேரத்துக்குள் எந்த வெங்காயமும் இனித்ததில்லை. (சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே அடுப்பைப் பற்ற வைக்கலாம். நான் காத்திருக்கிறேன்.) இந்தச் சின்ன உண்மை தெரியாமல் போனதால் எனக்குக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. லோரியில் ஏறும் பாமாயில் பழக் குலைகளை எண்ணி எழுதுவது என் வேலை. வேலை முடிந்த பிறகும் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். கோயில் படி, கோழிக் குஞ்சு, சோற்றில் கிடக்கும் கல், எதையும் விட்டதில்லை. அம்மா இதை வியாதி என்றாள். நான் படிப்பு என்றேன்.

கிராணி வீடு காலியாகாததால் அம்மாவும் நானும் தொழிலாளர் லயத்திலேயே இருந்தோம். ஒரே நீளக் கூரைக்குக் கீழே எட்டு வீடு. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. பாதியில் நின்றுவிடும். மேலே எல்லாம் பொது. முதல் வீட்டில் கருவாடு வறுத்தால் எட்டாம் வீட்டுப் பிள்ளை சோறு கேட்கும்.

எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப் போனால், அடுத்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். சம்மதம் என்றால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. மனசு இல்லையென்றால் கோப்பி மட்டும் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அதுவரை எங்கள் வீட்டில் இரண்டு குடும்பங்கள் கோப்பி குடித்திருந்தன.

மூன்றாவது இடம் சபாக் என்ற ஊர். பெண்ணின் பெயர் லலிதா. அப்பாவுக்கு மளிகைக் கடை, அம்மா இல்லை, வளர்த்தது அத்தை பாக்கியம். நாங்கள் பார்க்கப் போன அன்று லலிதா பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தட்டில் எத்தனை பலகாரம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

கிளம்பும்போது பாக்கியம் அத்தை பேச்சுவாக்கில் சொன்னார். "எங்க புள்ளைக்கு நகை ஆசை கெடையாது, துணி ஆசை கெடையாது. கிள்ளான்ல ஒரு கல்யாணச் சோத்துல பழுப்பா, இனிப்பா ஒரு வெங்காயம் போட்டிருந்தானாம். இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கா."

அது போதாதா எனக்கு?

மேனேஜர் பங்களாவிலிருந்து ஆபீசுக்கு வந்த பழைய ஆங்கில மாத இதழ் ஒன்றில் அந்த வெங்காயம் இருந்தது, படத்தோடு. நான்கு வெங்காயம், கொஞ்சம் வெண்ணெய், பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். நெய்ச்சோறும் கோழிக்கறியும் அம்மா பொறுப்பு, வெங்காயம் என் பொறுப்பு என்று அறிவித்தேன். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது பெண் வரக்கூடாது என்பதால், லலிதாவுக்கு ஒரு தூக்குச்சட்டியில் தனியாகக் கொடுத்தனுப்புவதாகத் திட்டம். லயத்துக்கும் சேர்த்து அறுபது வெங்காயம் வாங்கினேன்.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. மூன்று அடுப்பு, அடுப்புக்கு இருபது வெங்காயம். நான்குக்குப் பத்து நிமிடம் என்றால் இருபதுக்கு ஐம்பது நிமிடம் என்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். நான் அதற்கும் மேலே யோசித்தேன். வெங்காயம் ஐந்து மடங்கு, சரி. தீயையும் ஐந்து மடங்கு ஆக்கிவிட்டால்? அதே பத்து நிமிடம்! இந்தக் கணக்கை நான் அன்று அம்மாவிடம் இரண்டு முறை விளக்கினேன். அவள் இரண்டு முறையும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஓர் அடுப்பு எங்களுடையது. இன்னொன்று இடது பக்கத்து வீட்டு முனியம்மாக்காவுடையது. இரண்டும் விறகு அடுப்பு. மூன்றாவது, வலது பக்கம் தனியாக இருந்த கோவிந்தன் பெரியப்பாவின் மண்ணெண்ணெய் அடுப்பு. அதில் திரி தேய்ந்துபோய், எவ்வளவு திருகினாலும் தீ மேலே எழவில்லை.

"என்னா பெரியப்பா இது, இந்தத் தீயில பல்லிகூட குளிர் காயாது!"

"எனக்கு இதுல தான்டா இத்தன வருசமா சோறு வேகுது. வேணும்னா வை, இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போ."

வேறு வழியில்லாமல், முதலில் நறுக்கிய இருபதை அதில் வைத்தேன். அதை அத்தோடு மறந்தும்விட்டேன்.

அறுபது வெங்காயத்தை நறுக்கி முடிப்பதற்குள்ளேயே எங்கள் வீட்டிலும் முனியம்மாக்கா வீட்டிலும் எல்லாருக்கும் கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது மற்ற இரண்டு அடுப்பிலும் தீ மூட்டினேன். ரப்பர் விறகைத் திணித்தேன். தீ சட்டியைத் தாண்டி எழுந்தது. பத்தாவது நிமிடம் எட்டிப் பார்த்தால், ஓரமெல்லாம் கரி, நடுவெல்லாம் பச்சை. கணக்கு தப்பாது என்பதால் தீதான் போதவில்லை என்று முடிவு செய்து இன்னும் விறகு வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து முனியம்மாக்கா, "வெறும் வெங்காயத்த யாருலா திம்பா?" என்று ஒரு கை காய்ந்த மிளகாயை அள்ளித் தன் சட்டியில் போட்டார்.

மிளகாய் கருகிய புகை சுவருக்கு மேலே ஏறி, பொதுக் கூரை வழியாக எட்டு வீட்டுக்கும் சமமாகப் பங்கு போயிற்று. நான் ஓடிப்போய் என் சட்டியிலாவது கருகலை நிறுத்தலாம் என்று ஒரு செம்புத் தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினேன். (இதையும் நான் படித்தவன் என்ற தைரியத்தில்தான் செய்தேன்.) அதற்குப் பிறகு எனக்கு என் கையே தெரியவில்லை.

லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பெண்கள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டும், ஆண்கள் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டும் வரிசையாக நின்றார்கள். எல்லார் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். அம்மா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

சபாக்கிலிருந்து கடை வேன் வந்து நின்றது அப்போதுதான்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. புகைக்குள் நின்று சட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன். பலரும் பல வருடமாகச் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன்.

வேனிலிருந்து லலிதாவின் அப்பாவும் பாக்கியம் அத்தையும் இறங்கினார்கள். அத்தை வாசலைப் பார்த்தார். துக்க வீட்டு வாசலில் நின்று "யாரு போனது?" என்று கேட்பது எங்கள் ஆட்களிடையே மரியாதை கிடையாது. முதலில் கட்டிப் பிடித்து அழ வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. அத்தை மரியாதை தெரிந்தவர். வெற்றிலைத் தட்டை அப்படியே வேனில் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

"அடி என் தாயே! நல்லது பேச வந்த நாளாப் பாத்தா இப்புடி ஆவணும்?"

அம்மாவோ, இவர்கள் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள், சேதி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அவளும் மரியாதை தெரிந்தவள். யாரென்று கேட்கவில்லை.

"ஐயோ அண்ணி! நேத்துகூட நல்லாருக்கீங்கன்னுதானே சேதி வந்துச்சு!"

"எங்களுக்கு இப்பத்தான் தாயே தெரியும்!"

"நான் பாவி, எனக்கும் இப்பத்தான் அண்ணி தெரியும்!"

இரண்டு பேர் கட்டிப் பிடித்து அழும்போது முனியம்மாக்கா சும்மா நிற்க முடியுமா? அவரும் போய்ச் சேர்ந்தார். அவரைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் உட்கார்ந்தார்கள். முறையான ஒப்பாரி தொடங்கிவிட்டது. செத்தவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாததால், "ராசாவே" என்று பொதுவாகப் போட்டுப் பாடினார்களாம்.

லலிதாவின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிந்தன் பெரியப்பாவிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார்.

"மாப்பிள எங்கங்க?"

பெரியப்பாவுக்கு இருமலில் பேச்சு வரவில்லை. வீட்டுக்குள்ளே கையைக் காட்டி, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். லலிதாவின் அப்பா போனது யாரென்று புரிந்துகொண்டு அத்தையின் காதில் சொன்னார்.

ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போதுதான் நான் வெளியே வந்தேன். முகம் முழுக்கக் கரி, புருவத்தில் ஒரு பக்கம் இல்லை, கையில் புகையும் சட்டி. என்னைப் பார்த்ததும் பாக்கியம் அத்தை போட்ட சத்தத்தில் செம்பனையில் இருந்த பறவைகள் எல்லாம் பறந்தன. ஒப்பாரி பட்டென்று நின்றது. எல்லாரும் என்னையே பார்க்க, மரியாதைக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"வாங்க மாமா, வாங்க அத்த. இன்னும் பத்து நிமிசத்துல சாப்பாடு ரெடி."

விஷயம் தெளிவானதும் லயத்தில் சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"தப்பா நெனக்காதீங்கம்மா. தம்பி நல்ல புள்ளதான். ஆனா நல்ல காரியத்துக்கு வந்த வாசல்ல ஒப்பாரி வெச்சாச்சு. எம் மனசு கேக்கல. இந்த வீட்டுல நாங்க கை நனைக்க முடியாது."

அம்மா, கோப்பியாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். அவர் அதுவும் வேண்டாம் என்றார். மூன்றாவது குடும்பம் கோப்பிகூடக் குடிக்காமல் போகப்போகிறது. முனியம்மாக்கா சமாதானம் சொன்னார், பெரியப்பா சொன்னார், அம்மா கும்பிட்டாள். மாமா இரக்கத்தோடு எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் அசையவில்லை. இந்தப் பேச்சிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

அதற்குள் புகை அடங்கியிருந்தது. அப்போது வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து லலிதா இறங்கி வந்தாள்! வரக்கூடாதவள்தான். ஆனால் அந்த வீட்டில் லைசென்ஸ் எடுத்திருந்தது அவள் ஒருத்தி மட்டுமே. இறங்குவதில்லை என்ற ஒப்பந்தத்தின்பேரில் ஓட்டி வந்திருக்கிறாள்.

"இது என்னா வாசம்?" என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து வந்த வாசம் எல்லாருக்கும் தெரியும். இது வேறு. சீனி காய்ச்சுவது போல, நெய் உருகுவது போல ஒன்று கோவிந்தன் பெரியப்பா வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் நேராக அங்கே நடந்தாள்.

"லலிதா! நில்லு, மாப்பிள வீட்டுக்குள்ள போவக்கூடாது!" என்று அத்தை கத்தினார்.

"இது மாப்பிள வீடு இல்ல அத்த. பக்கத்து வீடு."

யாரும் கவனிக்காத அந்தச் சட்டியில், அந்த நொண்டித் தீயில், இருபது வெங்காயம் சுண்டி ஒரே ஒரு கிண்ணம் அளவுக்குப் பழுப்பாய்ப் பளபளத்துக் கிடந்தது. அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். லலிதா விரலால் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். எனக்கு அன்று உயிர் திரும்பியது அந்த விநாடியில்தான்.

"அப்பா, வந்து சாப்ட்டுப் பாருங்க."

"சகுனம் சரியில்லம்மா. அழுக கேட்ட வாசல்."

"என்னையக் கட்டிக் குடுத்து அனுப்புறப்ப எப்புடியும் அழத்தானப்பா போறீங்க? அத இன்னிக்கே அழுது முடிச்சிட்டோம். இனிமே சிரிக்கிற வேல மட்டுந்தான் பாக்கி."

மாமா அவளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பாதிப் புருவத்தோடு நின்ற என்னைப் பார்த்தார். அவர் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு வேட்டி நழுவும் அளவுக்குச் சிரித்தார். அம்மா நெய்ச்சோற்றைப் பெரியப்பா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே பாய் விரித்து, அந்த ஒரு கிண்ண வெங்காயத்தையும் ஆளுக்கு ஒரு சிட்டிகையாகப் பங்கிட்டு, எல்லாரும் கை நனைத்தார்கள்.

கல்யாணம் முடிந்து லலிதாவை அனுப்பும்போது சபாக்கில் ஒருவரும் அழவில்லை. பாக்கியம் அத்தைக்குக் கண் கலங்கியது. "ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு தடவ அழுவுறது செலவு" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் மாமா ஒரு பாடம் கற்றுக்கொண்டார். எங்கே யார் அழுவதைப் பார்த்தாலும், கிட்டே போவதற்கு முன் விசாரித்துவிடுவார். "வெங்காயமா, ஆளா?" அந்தக் கேள்வி குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. பேரப்பிள்ளை பென்சில் தொலைத்துவிட்டு அழுதாலும் இன்று எங்கள் வீட்டில் அதைத்தான் கேட்கிறோம். அவன் விசும்பிக்கொண்டே "வெங்காயம்" என்பான்.

கல்யாணமான அடுத்த வருடம் ஒரு காலை, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து சபாக் கடைக்குக் கூப்பிட்டேன். எடுத்தது மாமா. "மாமா" என்றேன். அதற்கு மேல் தேம்பித் தேம்பி அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் கடையில் தராசுத் தட்டு கீழே விழும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு மாமா கேட்டார்.

"மாப்பிள... வெங்காயமா, ஆளா?"

"ஆளு மாமா," என்றேன். "புது ஆளு. பொம்பளப் புள்ள. மூணு கிலோ நூறு கிராம்."