அந்தோணியார் இன்னும் கல்லுக்குள்ளேதான் இருக்கிறார்

அன்புத் தம்பி ஜெரார்டுக்கு,

ஃபேரர் பார்க்கிலிருந்து அக்கா ரோசம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கு நாங்கள் இருவரும் சுகம். உன் மச்சானின் இடது கட்டைவிரல் மட்டும் சுகமில்லை. செம்பவாங்கில் உங்கள் எல்லாருடைய சுகத்துக்காகவும் தினமும் ஜெபமாலை சொல்லி வருகிறேன். வாட்ஸாப்பில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாய், பக்கத்தில் உன் மகள் ரெனீ இருப்பாள். அதனால்தான் கடிதம். தனியாப் படி.

வர்ற சனிக்கிழமை ரெனீயோட புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரிக்கிறார். அன்னைக்கு அந்தோணியார் சுரூபம் நாங்க கொண்டு வர்றோம், கடையில வாங்காதே, மாமா கையாலயே செதுக்கித் தருவார்னு உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாலயும் சொன்னேனே, அந்தச் சுரூபம் இன்னும் தயாராகல. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இவர் கம்யூனிட்டி கிளப்புல கல் செதுக்குற வகுப்புல சேர்ந்து ஒரு வாத்து செஞ்சார், நல்லாவே இருந்தது. வாத்து வந்த கைக்கு அந்தோணியார் வரமாட்டாரான்னு நான் நெனச்சேன்.

முதல்ல மாக்கல். அது நகம் பட்டாலே கீறுற கல்லுப்பா. முகம் அழகா வந்துச்சு, ஆனா இடது கண் கொஞ்சம் மேல இருக்குன்னு இறக்கினார், அப்புறம் வலது கண் மேல தெரியுதுன்னு அதை இறக்கினார், இப்படியே ரெண்டு கண்ணையும் சமம் பண்ணிப் பண்ணிக் கடைசியில புனிதர் உப்பு டப்பா அளவுக்கு வந்துட்டார். சரின்னு பளிங்குக்கல் வாங்கினார். பளிங்குல நரம்பு மாதிரி கோடு ஓடும், அது மேல அடிச்சா பிளந்துரும்னு வகுப்பு எடுக்குற மிஸ் லிம் சொல்லித்தான் அனுப்பினாங்க, இவர் அது மேலயே அடிச்சார். அந்தோணியார் கையில இருந்த குழந்தை இயேசு சோபாவுக்கு அடியில போய் விழுந்துட்டார். "பரவால்ல லா, குழந்தை இல்லன்னா சவேரியார்"னு ஒரு சிலுவையைச் செதுக்க ஆரம்பிச்சார். மறுநாள் சிலுவையோட சேர்ந்து அதைப் பிடிச்ச கையும் போச்சு. "அப்ப வனத்துச் சின்னப்பர், அவர் சும்மா உட்கார்ந்திருப்பார்"ங்கிறார். நான் அந்தக் கல்லு முன்னால மெழுகுவத்தி ஏத்தி அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை நவநாளே தொடங்கிட்டேன், அடிக்கு ஒரு புனிதர் மாறினா என் வேண்டுதல் யாருக்குப் போகும்? ஃபாதர்கிட்டயே கேட்டேன். "எல்லாரும் ஒரே இடத்துலதாம்மா இருக்காங்க, பேசிக்குவாங்க"ன்னார்.

சின்னப்பரும் தாடியோட பாதியில நின்னுட்டார், அப்புறம்தான் கருங்கல் வந்துச்சு. ஜாலான் புசார்ல முகைதீன் கடையில புது உளி வாங்கி வந்து பொழுதன்னைக்கும் அடிக்கிறார். உளி தேயுது, கல்லு அப்படியே இருக்கு, கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டாச்சு. கீழ் வீட்டு பதுருன்னிசா மேல வந்து, "ரெனவேஷனா அக்கா?"ன்னு கேட்டா. "இல்லம்மா, புனிதர்"னேன். "எப்ப முடிப்பார்?"னு கேட்டுட்டுப் பாவம் போயிட்டா.

தம்பி, இவர் வாயால 'எனக்கு வரல'ன்னு சொல்லமாட்டார். கப்பல் பட்டறையை விட்டு வந்ததுலேருந்து இவர் விசிலடிச்சு நான் கேட்டதே இல்ல, இப்ப இந்தக் கல்லு முன்னால உட்கார்ந்து விசிலடிக்கிறார். மனசு நோகாம நிறுத்தணும். நீ ஒரு பிளாஸ்டர் அந்தோணியார் வாங்கி ரெனீ வீட்டுல வச்சிரு. ஃபாதர் பிளாஸ்டர் சுரூபத்தைத்தான் மந்திரிப்பாராம்னு இவர்கிட்ட சொல்லிரு. பொய்தான், அதை நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்.

ரெனீக்கும் உன் வீட்டுக்காரிக்கும் அத்தையோட முத்தங்கள். ஆண்டவர் உங்கள் வாசலையும் உள்ளே வருகிறவர்களையும் காப்பாராக.

உன் அக்கா,
ரோசம்மா பெர்னார்ட்

பி.கு.: பிளாஸ்டர் வாங்காதே. இவர் விரலைக் காட்ட கிளினிக் போயிருந்தப்ப, அந்தப் பளிங்குச் சின்னப்பரோட தாடி ஒரு பக்கமா இழுத்திருக்கேன்னு உளியால ஒரே ஒரு தட்டு தட்டினேன். தாடி மொத்தமா வந்துருச்சு. அப்புறம் விடமுடியல. தலைமுடியா இருந்ததை முக்காடா இறக்கினேன், கையில்லாத பக்கத்தை முந்தானையால மூடினேன், சோறு வடிக்கவும் மறந்துட்டேன். இப்ப மாதா வந்திருக்காங்க, சத்தியமா முகத்துல சிரிப்பு இருக்கு. சனிக்கிழமை அவங்கதான் வர்றாங்க. உன் மச்சான் திரும்பி வந்து ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நம்ம ரெண்டு பேரும் செஞ்சதுன்னு ஃபாதர்கிட்ட சொல்லலாமா?"ன்னு கேட்டார். யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.