கருவியானந்தரின் காதுமூடி

மின்சாதனக் கடையின் மாடிப்படியில் நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டி, அடுத்த தெருவுக்குள் போய், அங்கே முடிதிருத்தும் கடைக்கு நின்ற வரிசையோடு கலந்துவிட்டது. முடிவெட்ட வந்த இரண்டு பேர் தெரியாமல் மாடிக்குப் போய் ஆசி வாங்கித் திரும்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் ஒருவர் மிக்ஸியைப் பிறந்த குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தோளில் சுமந்து நின்றார். சலவை இயந்திரத்தைத் தூக்க முடியாத ஓர் அம்மாள் அதன் ரப்பர் குழாயை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். நாடி பார்க்க அது போதுமாம்.

மாடியில் வீற்றிருந்தவர் கருவியானந்தர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் குழாய். கெட்டுப்போன கருவியின் மேல் குழாயை வைப்பார். கண்ணை மூடுவார். முகம் சுருங்கும். பிறகு மெதுவாகச் சொல்வார்: "இதை யாரோ திட்டியிருக்காங்க."

கூட்டம் சிலிர்த்துப் போகும். எப்படிக் கண்டுபிடித்தார் பாருங்கள்! ஓடாத மிக்ஸியைத் திட்டாதவர் உலகத்தில் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவருடைய தத்துவம் ரொம்ப எளிமையானது. கருவிகளுக்குக் காது உண்டு. நாம் திட்டினால் அவற்றின் மனசு புண்படும். மனசு புண்பட்ட கருவி முதலில் மெதுவாகும், பிறகு நிற்கும், பிறகு சாகும். பரிகாரம் இரண்டு. ஒன்று, காதுமூடி. கம்பளி போன்ற தடித்த நீலத் துணி. கருவிக்குக் கெட்ட சொல் கேட்காதபடி அதைப் போர்த்த வேண்டும், ஓடும்போதும் எடுக்கக் கூடாது. இரண்டு, மௌன விரதம். வீட்டில் யாரும் அந்தக் கருவியைப் பற்றி ஒரு குறையும் பேசக் கூடாது. ஒரு வார்த்தை தவறினாலும் விரதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். விரதம் எப்போது முடியும் என்பதைக் கருவியே உணர்த்தும். பெரும்பாலான கருவிகள், கடைக்காரர் கொடுத்த உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள்தான் உணர்த்தின.

கீழே கடை முதலாளி பூரித்துப் போயிருந்தார். முன்பெல்லாம் யாராவது பழுதான சாமானோடு வருவது தெரிந்தால் போதும், பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்வார். இப்போது ஒளிவதில்லை. ஒரே ஒரு விரலை மேலே தூக்குகிறார். "மேல போங்க." அவ்வளவுதான்.

இந்தத் தத்துவத்தால் ஊரிலேயே அதிகம் அடிபட்டவள் ஒருத்தி உண்டு. அடுக்குமாடியில் அவளுக்குப் புகார்ப்பெட்டி என்று பெயர். பிஸ்கட் பொட்டலத்தில் பாதி காற்று இருந்தால் கம்பெனிக்குப் போன் போடுவாள். ஷாம்பு பாட்டிலின் அடி உள்பக்கம் குழிந்திருப்பதை முதலில் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவள் அவள்தான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அவள் மைக்கில் சொன்னால், பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கும் டிரைவரே எழுந்து தன் வண்டியில் ஏறிக்கொள்வார். அவ்வளவு தெளிவான குரல்.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். ஊராருக்கெல்லாம் பார்வை திருத்துகிறவர், வீட்டுக்கு வந்ததும் வீடியோ கேம் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கார்ப்பந்தயம். அந்தக் கேம் இயந்திரத்தைப் புதிதாக வாங்கிய நாளிலிருந்தே ஒரு வழக்கம்: அவர் முதலிடம் வரப்போகும் நேரம் பார்த்துத் திரை அப்படியே உறைந்துவிடும்.

"இதைக் கடைல குடுத்து மாத்திட்டு வாங்க. காருக்குத் தனிக் காசு, கார் டயருக்குத் தனிக் காசுன்னு புடுங்கறாங்க. ஓட்டறவனுக்குச் செருப்புகூட காசு கட்டினாத்தான் வருதாம். இத்தனையும் புடுங்கிக்கிட்டு நின்னும் போனா என்ன அர்த்தம்?" என்றாள் அவள்.

மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் நீலத் துணியோடு திரும்பினார். இயந்திரத்துக்குப் பயபக்தியோடு போர்த்தினார். அந்த இயந்திரத்தின் முதுகில் சூடு வெளியேற வரிவரியாக ஓட்டை இருந்தது. துணி அதை அடைத்தது. உள்ளே தோசைக்கல் மாதிரி காய்ந்து, அரைமணிக்கு ஒரு தரம் நின்றுகொண்டிருந்தது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிற்க ஆரம்பித்தது.

"பாத்தியா? நீ மனசுக்குள்ள திட்டறே," என்றார் கணவர்.

"நான் குழம்புக்கு உப்பு போட்டுட்டு இருந்தேன்."

"உப்பு போடும்போது என்ன நினைச்சே?"

"உப்பைத்தான் நினைச்சேன். நினைக்காம போட்டா நீங்கதானே கத்துவீங்க?"

வீட்டோடு போயிருந்தால் அவள் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். விவகாரம் வேலையிடத்துக்கு வந்தது. நிலையத்து மைக் கரகரவென்று இழுக்க ஆரம்பித்திருந்தது. வயர் தளர்ந்திருக்கிறது என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் அது புகார்தானே? நிலைய மேலாளர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. மைக்கைக் கழற்றிக்கொண்டு மாடியேறினார்.

கருவியானந்தர் குழாயை வைத்துக் கேட்டார். "ரொம்ப காலமா ஒரு பொம்பளைக் குரல் இதை வாட்டியிருக்கு," என்றார்.

மேலாளருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மைக்குக்கு முன்னால் ஒரு பெண் பேசியிருக்கிறாள் என்பதை ஞானதிருஷ்டி இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

மைக்குக்கும் காதுமூடி வந்தது. அவள் உள்ளே தெளிவாகப் பேசுவாள். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ போர்வைக்குள் புலம்புவது போல "ம்ம்ம், ம்ம்ம்ம்" என்று கேட்கும். ஒரு கல்யாண கோஷ்டி போகவேண்டிய ஊருக்கு நேர் எதிர்த்திசையில் போய் இறங்கி, அங்கே நடந்த வேறு யாரோ வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டுத் திரும்பியது. மொய் வாங்கியவர்களுக்குத்தான் குழப்பமே இல்லை.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. மைக் உங்களை மன்னிச்சிருச்சுன்னு சாமி வாயால வந்தாத்தான் இனி நீங்க அந்த நாற்காலில உக்காரலாம். இல்லேன்னா திங்கக்கிழமைலேருந்து தொலைஞ்ச சாமான் அறைதான்."

அந்த அறையை அவளுக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது. மனிதர்கள் விட்டுப்போன குடைகளும், ஒற்றைச் செருப்புகளும், என்றோ யாரோ மறந்த ஒரு பல்செட்டும் இருந்தன. பல்செட்டோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், நாத்தனார், கணவர் என்று எல்லோரும் அடக்கப் பார்த்து அடங்காத குரல், ஒரு நீலத்துணிக்கு அடங்குவதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் புகார் சொல்லவில்லை. கணவர் பயந்துவிட்டார்.

மறுநாள் மூவரும் கடைக்குப் போனார்கள். மேலாளர் மைக்கோடு முன்னால் போனார். கணவரை, கேம் இயந்திரத்தின் காதுமூடியை மட்டும் எடுத்து வரச் சொல்லியிருந்தாள். கீழே கண்ணாடி அலமாரியில் அதே மாதிரி கேம் இயந்திரம் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். அப்பளம் போல இருந்தது.

"என்னப்பா, இவ்வளவு லேசா இருக்கு?"

விற்பனையாளர் கைப்பேசி விளையாட்டில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அது காலி டப்பாக்கா. பார்வைக்கு வச்சது. கடை திறந்தப்போ வச்சது, அங்கயேதான் இருக்கு."

"கொஞ்சம் மேல கொண்டு போயிட்டு வரேன்."

"ம்."

அவர் இன்னும் இரண்டு பேரைச் சுட வேண்டியிருந்தது. அவள் டப்பாவைக் காதுமூடிக்குள் பொதிந்து எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மாடியில் மூச்சுவிட இடமில்லை. முதலாளியே வாசற்படியில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மேலாளர் விஷயத்தைச் சொல்ல, கருவியானந்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, அந்தக் குரல் நீதானா, தாயே?"

"நான்தான் சாமி. மைக் இருக்கட்டும். முதல்ல இதைப் பாருங்க. இதுவும் ரொம்ப நாளா அசையவே மாட்டேங்குது."

கூட்டம் உச்சுக்கொட்டியது. குழாய் டப்பாவின் மேல் உட்கார்ந்தது. கண்கள் மூடின. உதடு துடித்தது.

"அழுதுகிட்டே இருக்கு. உள்ள இருக்கற சில்லெல்லாம் நொறுங்கிப் போச்சு. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் ஒரே குரல். பக்கத்துலயே இருக்கற குரல். ஆசை அடங்காத குரல்."

"ஒரே குரல்தானா? நல்லா கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் மாத்தக் கூடாது."

"ஒரே குரல். தெளிவா கேக்குது. இதைக் கெடுத்தது அந்தக் குரல்தான். சத்தியம்."

"என்னங்க," என்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "பையில வச்சிருப்பீங்களே, கண்ணாடிக்குத் திருகுற குட்டி ஸ்க்ரூடிரைவர், அதைக் கொண்டு இதைத் திறங்க."

"சபையில வேணாமே."

"திறங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பழக்கமான தொனி அது. திறந்தார். உள்ளே சில்லு இல்லை, சக்கரம் இல்லை, ஒரு துண்டு வயர்கூட இல்லை. ஓர் உருண்டை தெர்மாகோல். அதன் மேல் மல்லாந்து கிடந்த ஒரு கரப்பான்பூச்சி, அதுவும் காய்ந்து போனது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் முன்வரிசையில் ரப்பர் குழாயோடு நின்ற அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உள்ள ஒண்ணுமே இல்லாத டப்பாவோட வேதனைகூட இவருக்குக் கேக்குதுன்னா, எப்பேர்ப்பட்ட சக்தி."

"ஆமா, ஆமா," என்று கூட்டம் தலையாட்டியது. செத்திருந்த கருவியானந்தர் உயிர்பெற்றார். "உடம்புக்குள்ளதான் உயிர் இருக்கணும்னு இல்லை, தாயே," என்றார் புன்னகையோடு. நம்புவது என்று முடிவெடுத்தவர்களிடம் சாட்சியத்தைக் காட்டினால், அதையும் வாங்கிப் பூஜையில் வைத்துவிடுகிறார்கள்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவளும் கும்பிட்டாள்.

"சரிங்க. நானும் நம்பறேன். சாமி சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனா இது எங்க வீட்டு டப்பா இல்லை. கீழ அலமாரில இருந்து எடுத்துட்டு வந்தேன். கடை திறந்த நாள்லேருந்து அங்கயேதான் இருக்காம். வேணும்னா கேட்டுப் பாருங்க."

யாரோ கீழே குரல் கொடுத்தார்கள். கைப்பேசியும் கையுமாக விற்பனையாளர் ஏறி வந்தார்.

"ஏம்பா, அந்த அலமாரிக்குப் பக்கத்துல உக்காந்து நாள் முழுக்கப் பேசறது யாரு?" என்று கேட்டாள் அவள்.

"முதலாளிதான். கல்லாவே அங்கதானே இருக்கு."

நூறு தலைகள் ஒரே நேரத்தில் வாசற்படிப் பக்கம் திரும்பின. திரும்பிய காற்றில் முதலாளியின் தலைமுடி பறந்தது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

ரப்பர் குழாய் அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "என் மெஷினும் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க கடைலதானே கிடந்துச்சு?"

"என் மிக்ஸியும்தான்."

"அப்போ எல்லாத்தையும் கெடுத்தது இவர் குரலா? நான் என் பொண்டாட்டியோட பேசறதையே நிறுத்திட்டேனே."

"விரதம் இருக்க வேண்டியது இவர்தான். இனிமே கடைல வாயைத் திறக்கக் கூடாது. எங்களுக்கெல்லாம் மாத்திக் குடுக்கணும்."

முதலாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "சாமி, சும்மா இருக்கீங்களே. என் குரல் இல்லைன்னு சொல்லுங்க."

கருவியானந்தர் முதலாளியைப் பார்த்தார். அவர் கொடுத்த அறை, அவர் கொடுத்த சாப்பாடு. கூட்டத்தைப் பார்த்தார். தொலைக்காட்சியைச் சுமந்தவரின் தோள் மிகவும் அகலமாகத் தெரிந்தது. ஆமென்றால் சோறு போகும். இல்லையென்றால் சத்தியம் போகும்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை," என்றார் முனகலாக.

"இப்பக் கேக்கலையா, அப்பவே கேக்கலையா?" என்று கேட்டாள் அவள்.

"எப்பவுமே கேக்கலைங்க." கழுத்துக் குழாயைக் கழற்றினார். "காது வலிக்குதேன்னு ரெண்டு முனைலயும் பஞ்சு அடைச்சு வச்சிருக்கேன். நான் முன்னாடி கஸ்டமர் கேர்ல போன் எடுத்துட்டு இருந்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானதுன்னு நாள் பூரா சொல்லணும். அதே வேலைதான், நேர்ல செய், காத்திருக்கவங்க கும்பிடுவாங்கன்னு சொல்லி இவர்தான் கூட்டிட்டு வந்தார்."

மேலாளர் மைக்கிலிருந்து நீலத் துணியை உருவினார். சும்மா இருக்க முடியாமல் வயரைத் திருகிப் பார்த்தார். அது கையோடு வந்தது.

"தளர்ந்திருக்குன்னு சொன்னீங்க இல்ல?" என்றார், தரையைப் பார்த்தபடி.

"சொன்னேன்."

"திங்கக்கிழமை நாற்காலிக்கே வந்துடுங்கம்மா."

"வரேன். நாற்காலியோட ஒரு காலும் ஆடுது. அதையும் பாத்து வைங்க."

அன்று மாலை முழுவதும் அந்த வரிசை மாடியில் அல்ல, கீழே கல்லா முன்னால் நின்றது. மௌன விரதத்தில் அடக்கி வைத்த வசவெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் சாமானைக் காட்டித் திட்டினார்கள், அலமாரியில் இருந்ததைக் காட்டித் திட்டினார்கள், கூரையைப் பார்த்தும் திட்டினார்கள். மனிதக் காதே கருகும் அந்த வசவில் கடையிலிருந்த ஒரு விளக்கு அணையவில்லை, ஒரு மின்விசிறி நிற்கவில்லை. முதலாளி மட்டும் பழுதானார். அவரைப் போர்த்த நிறையத் துணி கைவசம் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "இனிமே நான் பந்தயத்துல தோத்தா யார் மேல பழி போடறது?"

"தோத்துட்டேன்னு சொல்லுங்க. பழகிடும்."

பொருள் பழுதானால் விற்றவனிடம் கொண்டுபோய்க் கொடுத்துச் சண்டை போடலாம். மூளை பழுதானால் மாற்றிக் கொடுக்க எந்தக் கடையும் கிடையாது. அதைப் போர்த்தி வைக்காமல் தினமும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்.