பல் டாக்டர் பிடித்த பூச்சி

பல்லில் பூச்சி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "பல்லுல பூச்சியே கிடையாதுங்க, அது வெறும் சொத்தை" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர் அந்தப் பல் டாக்டர். அப்பேர்ப்பட்டவரைப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பூச்சி பாடாய்ப் படுத்திவிட்டது.

காலையில் தோட்டத்துக் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலியோரம் ஏதோ பளிச்சென்றது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி! மயில் கழுத்து தோற்றுப்போகும் நீலம். குறுக்கே பட்டையாய் ஆரஞ்சு. இறக்கை நுனியில் மை கறுப்பு, அதில் திருஷ்டிப்பொட்டுக்கு நேர்மாறாய் ஒரு வெள்ளைப் புள்ளி. பிரஷ் மண்ணில் விழுந்தது. டாக்டருக்குத் தெரியவில்லை. பூச்சி கொய்யாமரத்தடியில் இறங்கியது. அவ்வளவுதான், மாயமாய் மறைந்தது. கீழே வெறும் சருகுகள்.

"ஏங்க, பல் தேய்க்கிறீங்களா, இழைக்கிறீங்களா? காபி ஆறுது!" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல்.

"வர்றேன்."

"அங்க என்ன பார்வை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு பாக்குறீங்க?"

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மூடிய கையோடு ஒரு சபதமும் எடுத்துக்கொண்டார். காரணம் இருந்தது. அவர் மனைவி தபால் நிலையத்தில் மேலதிகாரி. ஊரில் எந்தச் சந்துக்குள் எந்த வீடு என்பதிலிருந்து, அவருடைய இடது கால் சாக்ஸ் எங்கே போனது என்பதுவரை அவளுக்குத் தெரியும். தெரியாத விஷயம் என்று ஒன்றை இத்தனை வருஷத்தில் அவரால் அவளிடம் கொண்டுபோக முடிந்ததில்லை. இந்தப் பூச்சியின் பேரைத் தானே கண்டுபிடித்து, "உனக்கு ஒரு விஷயம் தெரியுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். கேட்டதும் அவள் "தெரியாதே!" என்று சொல்ல வேண்டும். போதும். ஜென்மம் சாபல்யம்.

போனோடு பதுங்கினார். பூச்சி மறுபடி வந்தது. நாலைந்து படம் எடுத்தார். ஒன்றில் வேலி. ஒன்றில் ஆகாயம். ஒன்றில் அவருடைய கட்டைவிரல், அச்சு அசலாய்.

வேறு வழியில்லாமல் மதில் பக்கம் போனார். அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார்.

"சார், ஒரு பட்டாம்பூச்சி. நீலம், ஆரஞ்சு. உட்கார்ந்தா காணாம போயிடுது. என்ன பூச்சி சார்? வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

வாத்தியார் ஏனோ கொஞ்சம் இருமினார். "பேரை நானே சொல்லிட்டா உங்களுக்கு என்ன பெருமை, டாக்டர்? இறக்கையை மூடி உட்காரும்போது அடிப்பக்கத்தைப் பாருங்க. ஆனா அவ்வளவு சருகு கிடந்தா எங்க தெரியும்? முதல்ல பெருக்குங்க."

டாக்டர் துடைப்பத்தை எடுத்தார். எந்தச் சருகுக்கடியில் பூச்சி இருக்குமோ என்ற பயத்தில், ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்துப் பார்த்துத்தான் பெருக்கினார்.

மனைவி துணி உலர்த்த வந்தாள். "என்னங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"தோட்டம்னா சுத்தமா இருக்க வேணாமா?"

"இதைத்தானே நான் மாசக்கணக்கா சொல்றேன்."

"நீ சொன்னதுக்காக இல்ல. எனக்காத் தோணுச்சு."

"நல்லது. அந்த மூலை வரைக்கும் தோணட்டும்."

பெருக்கி முடித்ததும் வாத்தியாரின் தலை மதிலுக்கு மேல் உதித்தது. "வேலியை வெட்டிவிடுங்க டாக்டர், பறக்க வழி வேணும்ல?" வெட்டினார். "குழாய் ஒழுகுதே, அந்த ஈரத்துக்குப் போயிட்டா கொய்யாப் பக்கம் எட்டியே பாக்காது." வாஷர் மாற்றினார். "அந்த மூலையில கிடக்குற பழைய வாஷிங் மெஷின்... துரு வாடை பட்டாம்பூச்சிக்கு ஆகாதே." பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தெருக்கோடிப் பழைய இரும்புக்காரர் வண்டிவரை உருட்டினார். இடுப்பு 'க்ளுக்' என்றது. பல்லாயிருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பார். இடுப்பாயிற்றே.

"இப்ப ஒரு அழுகின வாழைப்பழம் வைங்க" என்றார் வாத்தியார். "வரும்."

வெயில் தாழ்ந்தபோது வந்தது. பழத்தில் இறங்கி இறக்கையைக் கூப்பியது. நீலம் போயிற்று, ஆரஞ்சு போயிற்று. இருந்தது ஒரு காய்ந்த இலை! நடுநரம்பு, கிளைநரம்பு, பூஞ்சைப் புள்ளி, கீழே குட்டியாய்க் காம்புகூட இருந்தது. டாக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். இவ்வளவு பட்டும் ஜரிகையும் உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே ஒரு சருகாய் உட்கார எவ்வளவு அடக்கம் வேண்டும்!

"சருகுப் பட்டாம்பூச்சி!" என்றார் தன்னையறியாமல்.

"அதேதான்!" என்று மதிலுக்கு அந்தப்புறமிருந்து சத்தம் வந்தது.

டாக்டர் உள்ளே ஓடி மனைவியைப் பழத்தருகே அழைத்துவந்தார். "இங்க வா. உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? இது என்னன்னு சொல்லு பாப்போம்."

மனைவி குனிந்து பார்த்தாள். "காஞ்ச இலை."

"இலையா! பாரு!" அவர் கையை ஆட்டினார். இலை திறந்தது. உள்ளேயிருந்து நீலம் எழுந்து அவர்கள் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"அய்யோ! என்ன அழகுங்க!" கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியவே தெரியாதே!"

டாக்டருக்கு இடுப்புவலி பறந்தது. நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் மதில்மேல் சாய்ந்து, மனம் நிறைந்து சொன்னார். "நேத்து நீங்க போன்ல எடுத்துக் காட்டுனதைவிட நேர்ல இன்னும் அழகும்மா! ஆமா, நீங்க சொல்லச் சொன்னது எல்லாத்தையும் சொல்லிட்டேனா? எதுவும் விட்டுப்போகலையே?"

வாத்தியாரின் தலை மெல்ல மதிலுக்குக் கீழே அஸ்தமித்தது.

டாக்டர் திரும்பினார். பளபளவென்று பெருக்கின மண், ஒழுகாத குழாய், வெட்டின வேலி. நடுவில், ஒன்றும் அறியாதவளாய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து உதறிக்கொண்டு அவர் மனைவி. கோபப்படத்தான் பார்த்தார். வரவில்லை. இப்படி ஒரு மூளையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறோமே என்று பெருமையாகத்தான் வந்தது.

"ஏங்க," என்றாள் அவள், கடைசித் துணியைக் கொடியிலிருந்து எடுத்தபடி. "அடுத்த ஞாயித்துக்கிழமை மொட்டைமாடித் தண்ணித்தொட்டிப் பக்கம் ஒரு மீன்கொத்தி வருதாம். தொட்டி பாசி பிடிச்சிருந்தா உட்காராதாம்."

டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை மணிக்கு வருமாம்?"