அளந்த பிறகு முன்கூட்டிச் சொல்பவர்

நடந்து முடிந்ததை முன்கூட்டியே சொல்லும் இனம் ஒன்று உண்டு. உங்கள் தெருவிலும் இருக்கும். எங்கள் தேஜான் நகர அணுப்பிணைவு ஆய்வுக்கூடத்தில் அதற்கு டாக்டர் தாக் கி-ஜுங் என்று பெயர். எனக்குப் பக்கத்து நாற்காலி.

காந்தக் கூண்டுக்குள் பத்துக் கோடி டிகிரியில் பிளாஸ்மா என்ற கொதிவாயுவை அடைத்து வைக்கிறோம். அது சும்மா இருக்கிறதா? சுழித்துச் சுழித்து நடுவிலுள்ள சூட்டை ஓரத்துக்குக் கடத்திவிடுகிறது. எவ்வளவு கடத்தும் என்று கணினியில் கணக்குப் போடுவது தாக்கின் தொழில். இரண்டு நாள் கணினி உறுமும், விடை வரும், அளந்ததைவிட இரண்டு மடங்கு இருக்கும், தாக் பதற மாட்டார், வெந்நீரில் பொட்டலக் காபியைக் கொட்டி அந்தக் காலிப் பொட்டலத்தாலேயே கலக்குவார், குடிப்பார், பிறகு நடுவுக்கும் ஓரத்துக்குமான வெப்ப வித்தியாசத்தை நூற்றுக்கு ஐந்து குறைத்து மறுபடி ஓட்டுவார். அளவீட்டில் அவ்வளவு பிழை இருக்காதா என்ன? கசிவு பாதியாகும். பொருந்திவிடும்.

"பாத்தீங்களா? அப்பவே சொன்னேன்ல!"

எப்போது சொன்னார்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

சூட்டை அளக்கும் குழுவிலிருக்கும் குக் யுன்-ஹா ஒருநாள் நூடுல்ஸ் கடையில் வைத்து முன்கூட்டியே கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள்தான் டாக்டர் எனக்கு மெஷின். அப்புறம் ஆறு மாசம் மூடிருவாங்க. எவ்வளவு கசியும்னு சொல்லுங்க, அதுக்கேத்தபடி சூடேத்துறேன்."

"அளந்த கணக்கக் குடும்மா, கரெக்டா சொல்றேன்."

"அளந்துட்டா உங்கள எதுக்குக் கேக்குறேன்?"

வேறு வழியில்லை. நூடுல்ஸை உறிஞ்சியபடியே ஓர் எண்ணைச் சொன்னார். அவளும் நம்பினாள். மறுநாள் அதைப் போல இரண்டு மடங்கு கசிந்தது. சூடேற்ற ஏற்ற ஆறியது. மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய நாள், சாயங்காலத்தோடு போயிற்று.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டத்தில் தாக் படம் போட்டார். அன்று அளந்ததென்று அவள் அனுப்பிய புள்ளிகள். ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு இவர் போட்ட கோடு.

"எப்பிடி? ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு!"

"நிக்குது டாக்டர். ஆனா நான் அனுப்புனது போன வருஷம் வேற ஒருத்தர் ஓட்டுனப்ப அளந்த கணக்கு. வேணும்னேதான் அனுப்புனேன்."

தாக் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு காபிப் பொட்டலத்தைக் கிழித்தார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா."

அந்த வாரம் முடிவதற்குள் சரியான கணக்குக்கும் பொருத்திக் காட்டிவிட்டார். யுன்-ஹா மெஷினில் இன்னொரு நாள் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். முன்னறிவிப்புக் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். அவள் ஏதோ பழைய கணக்கைத்தான் கொடுத்திருப்பாள் என்று உங்களுக்கு அப்போதே தெரியும், இல்லையா?

எப்போது? அந்த வரியைப் படிப்பதற்கு முன்பா, படித்த பிறகா?