மெத்தைக்கடைக்காரர் மலைவண்டி கொண்ட படலம்

வாழி, வாழி, நுரைப்பஞ்சின் நாயகர்! இலவின் இயல்பறிந்தவர், சுருள்கம்பியின் சூட்சுமம் உணர்ந்தவர், விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே ஒரு மெத்தையின் வயதையும் அதில் படுத்தவரின் எடையையும் அவருக்கு வராமல் போன தூக்கத்தையும் உரைக்கவல்லவர், கடைத்தெருக் கோடியில் இரண்டு ஷட்டர் அகலத்துக்கு ஆட்சி செலுத்தும் எங்கள் மெத்தைக்கடைக்காரர் வாழி! மேடு கண்டு அஞ்சாத, பள்ளம் கண்டு பதறாத, நான்கு சக்கரமும் ஒருங்கே இழுக்கும் பழைய வண்டி ஒன்றை அவர் தேடிக் கொண்ட வீரக் கதையைப் பாடப்போகிறேன். தெய்வங்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விடட்டும். கதை பெரிது, என் தொண்டை சிறிது.

போர் என்றால் அதற்கொரு காரணம் வேண்டுமல்லவா? மண்ணுக்காகப் போர் நடந்திருக்கிறது, பொன்னுக்காக நடந்திருக்கிறது. இந்தப் போர் ஓர் இடுப்புக்காக நடந்தது. விடியலிலும் அந்தியிலும் மாந்தர் கூட்டத்தைச் சுமந்து, பெருஞ்சக்கரத் தேரை நெரிசலுக்குள் நூல் கோத்தாற்போல் நுழைத்து, முந்த வந்த லாரிகளை ஒரே ஹாரனில் ஒதுங்கச் செய்யும் வீராங்கனை, நகரப் பேருந்தின் ஓட்டுநர், நாயகரின் மனைவி. பகைவர் எவராலும் வீழ்த்த முடியாத அவரை அவர் உட்கார்ந்த இருக்கையே வீழ்த்தியது. ஸ்பிரிங் செத்த அந்தச் சீட்டில் வருஷக் கணக்காகக் குலுங்கிக் குலுங்கி, இரவில் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாமல் புரண்டார். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிறவர் வீட்டிலேயே தூக்கமில்லை என்றால் நாயகருக்கு எப்படி இருக்கும்? கடையின் மிகச் சிறந்த மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டும் வலி போகவில்லை. அது அவருக்கு அவமானமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது.

இந்நிலையில், எடுக்காமல் சேர்ந்து கிடந்த விடுப்பு ஒரு மாதமாகத் திரண்டு அந்த அம்மையாரின் கையில் வந்து விழுந்தது. மலைகளுக்கு அப்பால், தார் முடிந்து, கல் முடிந்து, மண்ணும் முடிந்த இடத்தில் ஓர் ஏரி இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து அவர் விடுத்த பிரகடனமாவது:

"ரோடே இல்லாத எடத்துக்குப் போகணுங்க. ஒரு ஸ்டாப் இருக்கக் கூடாது, ஒருத்தர் பெல் அடிக்கக் கூடாது. வண்டிய நீங்க பாருங்க, சீட்டு உங்க வேலை. ஓட்டுறது என் வேலை. ஆனா இடுப்பு வலிச்சுதுன்னா பாதி வழியிலயே திருப்பிடுவேன். அப்புறம் அந்த ஏரிப் பேச்சையே எடுக்கக் கூடாது."

கேட்டார் நாயகர். கையில் இருந்த கவளத்தை நடுவானில் நிறுத்தி, "சீட்டுக்கு நான் பொறுப்பு" என்று சூளுரைத்தார். அந்தச் சூளுரையில் சுவர்க்கடிகாரம் அதிர்ந்தது, பல்லி ஓடி ஒளிந்தது. கவளத்திலிருந்து ஒரு பருக்கை மட்டும் சட்டையில் விழுந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாயகருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளோடு நின்றவர். திருமணமான நாள் தொட்டு மனைவி ஓட்ட, பக்கத்து இருக்கையில் அமர்ந்தே உலகம் கண்டவர். ஆகவே போர்க்களத்துக்குத் துணை வேண்டியிருந்தது. துணையாக வாய்த்தவர் மனைவியின் தம்பி. அவருக்கு 'வீடியோ' என்று பெயர் வழங்கியது. மலைவண்டிகளைப் பற்றி உலகில் வெளியான அத்தனை வீடியோக்களையும் பார்த்துக் கரைகண்டவர். அவர் சொந்தமாக ஓட்டியது ஸ்கூட்டர் ஒன்றுதான்.

களம், பழைய வண்டிகள் விற்கும் ஒரு திடல். அங்கே கண்ணாடி பளபளக்க, புதுச்சாயம் மினுமினுக்க, தம் கடந்தகாலம் குறித்து வாய் திறவாமல் வரிசை வரிசையாக நின்றன தேர்கள். அவற்றின் நடுவே, பல்வரிசையையே கேடயமாக ஏந்தி நின்றார் பகைத்தலைவர், வண்டி வியாபாரி. அவருடைய சிரிப்புக்கு முன் எத்தனையோ அப்பாக்களும் மாப்பிள்ளைகளும் வந்த சுவடு தெரியாமல் சாவியோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். நாயகர் அவரை எதிர்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி, திடல் கிடுகிடுக்கக் கேட்டார்:

"ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குமா?"

குடிக்க அல்ல. மெத்தை வணிகர்க்கென்று ஒரு சோதனை உண்டு. மெத்தைமேல் விளிம்பு வரை நிரம்பிய டம்ளரை வைத்து, பக்கத்தில் ஓர் ஆளை உட்காரச் சொல்வார்கள். நீர் தளும்பாவிட்டால் அது மெத்தை, தளும்பினால் அது வெறும் மூட்டை. மெத்தைக்குப் பொருந்துவது வண்டிக்குப் பொருந்தாதா? இடம் மாறலாம், உட்காருகிற உறுப்பு மாறவில்லையே என்பது நாயகரின் தர்க்கம்.

முதலில் வந்தது வெண்ணிறத் தேர். அன்னத்தை நாணவைக்கும் நிறம், வெண்ணெயை நாணவைக்கும் தோல் இருக்கை. செருப்பைக் கழற்றிவிட்டு நாயகர் பக்கத்து இருக்கையில் ஏறினார், பின்னிருக்கையில் சாய்ந்தார், அதற்கும் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்துக் கண்மூடினார். வியாபாரி பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பின்பு டம்ளர் ஏந்தி நாயகர் அமர, வியாபாரி ஓட்ட, திடலின் பின்புறத்து மேடுபள்ளத்தில் தேர் இறங்கியது. ஒரு துளி தளும்பவில்லை. தளும்பாததற்குக் காரணம், வண்டி முதல் பள்ளத்திலேயே வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. "மாமா, கிரவுண்ட் கிளியரன்ஸ் பத்தாதுன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்று முழங்கினார் வீடியோ. இருவரும் இறங்கித் தள்ளினார்கள்.

அடுத்து வந்தது பச்சைநிறப் பூதம். அதன் சக்கரம் ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் அகலம். அது உறுமியபோது வேலியோரத்து நாய்கள் தம் பூர்வஜன்மம் நினைவுக்கு வந்து ஊளையிட்டன. மேட்டை மேடென்றும் பள்ளத்தைப் பள்ளமென்றும் அது மதிக்கவேயில்லை, ஏறி மிதித்து அப்பால் சென்றது. ஆனால் அந்தோ, அதன் இருக்கைகள்! பலகைக்குத் துணி போர்த்தியவன் எவனோ அவன் மெத்தை என்ற சொல்லைக் கேட்டிராதவன். முதல் மேட்டில் டம்ளர் நீர் நாயகரின் மடியில் பாய்ந்தது. இரண்டாம் மேட்டில் டம்ளரே பாய்ந்தது. மூன்றாம் மேட்டில் நாயகரின் தலை கூரையைத் தொட்டு மீண்டது. "லோ ரேஞ்சுல போட்டா இன்னும் நல்லா ஏறும் மாமா!" என்று பின்னிருக்கையில் எகிறி எகிறி ஆர்ப்பரித்த வீடியோ, இறங்கியதும் ஒரு மரத்தடியைத் தேடிப் போய் வாந்தியெடுத்தார்.

ஈரக் கால்சட்டையோடு நின்ற நாயகரின் முன் மூன்றாவதாக வந்தது ஒரு செம்மண்நிறத் தேர். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை, குறையென்று சொல்லவும் ஒன்றுமில்லை. ஓட்டுமுன் வியாபாரி தன் அறைக்குள் போய் ஒரு சிறு தலையணையை எடுத்துவந்து, ஓட்டுநர் இருக்கையில் போட்டு அமர்ந்தார். வண்டி மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, சேற்றில் நீந்தியது, கல்லைத் தாண்டியது. டம்ளரில் நீர் ஒருமுறை மூச்சுவிட்டதுபோல் எழுந்து, விளிம்பைப் பார்த்துவிட்டு, மரியாதையாக உள்ளேயே அமர்ந்துகொண்டது. நாயகரின் கண்ணில் நீர் திரண்டது. வெற்றி! இறங்கும்போது வியாபாரி அந்தத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதை நாயகர் பார்க்கத்தான் செய்தார். பார்த்து, மட்டமான ஸ்பாஞ்சு, இரண்டு மாதம்கூட வராது என்று மனதுக்குள் இரக்கப்பட்டார்.

கை குலுக்கியாயிற்று. சாவி கைமாறியாயிற்று. அந்தி மயங்கும் வேளையில், பணி முடித்து, சீருடையும் களைப்புமாக ஓட்டுநர் அம்மையார் திடலுக்குள் வந்தார். புது மணப்பெண்ணை அறிமுகம் செய்பவர்போல் நாயகர் கதவைத் திறந்துவிட்டார். அம்மையார் ஏறினார். ஏறியவர் இறங்கினார். அதாவது, அமர்ந்த இடத்திலேயே ஒரு சாண் கீழே இறங்கினார். முன்பு வண்டியை வைத்திருந்த மகானுபாவர் தன் முழு பாரத்தையும் ஆண்டுக்கணக்கில் அந்த ஓர் இருக்கையில் இறக்கி வைத்திருந்தார். உறைக்கு அடியில் இருந்தது இருக்கை அல்ல, குழி.

"ஏங்க, இதுல உக்காந்து பாத்தீங்களா?"

"எல்லாத்துலயும் உக்காந்தேன்மா. பின்னாடி படுத்தே பாத்தேன்."

"இதுல?"

நாயகர் ஓட்டுநர் இருக்கையில் மட்டும் உட்காரவில்லை. அது உட்காரும் இடம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. தாம் ஏறுவதற்காக வாழ்நாளில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்ததே இல்லை அவர். யாருடைய இடுப்புக்காகப் படை திரட்டினாரோ அந்த இடுப்பு அமரும் ஒரே இடத்தை விட்டுவிட்டு, அண்டசராசரத்தையும் அழுத்திப் பார்த்திருக்கிறார்! வியாபாரியின் சிரிப்பு மெல்லத் திரும்பி, சுவரில் தொங்கிய பலகையைக் காட்டியது: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அதே பலகை, அதே எழுத்தில், நாயகரின் கடையிலும் தொங்குகிறது. என்ன வாதாட முடியும்? அம்மையார் கோபிக்கவில்லை. "விடுங்க. லீவ வாபஸ் வாங்கிக்கிறேன். பஸ் சீட்டே தேவலை" என்றார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் கடைக்கு விடுமுறை விட்டார் நாயகர். கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, கத்தரியும் கோணூசியும் ஏந்தி இரண்டாம் போரைத் தொடங்கினார். இருப்பிலேயே தலைசிறந்த ஸ்பாஞ்சை அளந்து, அறுத்து, குழிமேல் வைத்துத் தைத்து, மனைவியை அழைத்து அமரவைத்தார். அரியணை ஏறினார் அம்மையார். தலை கூரையில் இடித்தது, கால் கிளட்சை எட்டவில்லை. "இப்படியே ஓட்டினா நான் வானத்தைத்தான் பாத்துக்கிட்டுப் போகணும்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். குழி விழுந்த இடத்துக்கென்றே அச்சில் வார்த்த பஞ்சு வேண்டும், அது தட்டையான மெத்தையிலிருந்து வராது. அப்படிப்பட்ட பஞ்சு உலகத்தில் ஒரே ஓரிடத்தில்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது பக்கத்து இருக்கைக்குள் இருந்தது.

நாயகர் அதை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். டம்ளர் தளும்பாத சீட்டு. தம் கையால் தேர்ந்தெடுத்த சுகம். பிறகு தையலைப் பிரித்து அந்தப் பஞ்சை எடுத்து ஓட்டுநர் இருக்கைக்குள் வைத்தார், குழி விழுந்ததைத் தம் இருக்கைக்குள் வைத்தார், இரண்டு உறைகளையும் இழுத்துத் தைத்தார். நூல் பிடித்துக்கொண்டிருந்த வீடியோவுக்கே மனசு கேட்கவில்லை.

"மாமா, அப்ப உங்க சீட்டு?"

"எனக்கென்னடா, நான் சும்மா உக்காந்து வர்ற ஆளுதானே. அக்காகிட்ட சொல்லிக்கிட்டிருக்காத."

புறப்பட்டது தேர்! தார்ச்சாலை விடைகொடுக்க, கற்சாலை கைகூப்ப, மண்சாலை மண்ணோடு மண்ணாக மறைய, நான்கு சக்கரமும் நான்கு யானைகளாய் நிலத்தை இழுத்துப் பிடிக்க, ஆற்றுப்படுகையின் உருளைக் கற்களை அரைத்து, சரிவில் சாய்ந்து, சாய்விலும் சளைக்காமல், ஸ்டீயரிங்கைச் சுழற்றிச் சுழற்றிச் செலுத்தினார் அம்மையார். யாரும் பெல் அடிக்கவில்லை. யாரும் "அடுத்த ஸ்டாப்" என்று கத்தவில்லை. அவர் சின்னப் பெண்போலப் பாடிக்கொண்டே ஓட்டினார். பக்கத்தில், ஒவ்வொரு கல்லையும் தம் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாலும் தனித்தனியே அறிந்தபடி, "எப்படி இருக்கு?" என்று அம்மையார் கேட்கும்போதெல்லாம் "மெத்தை மாதிரி" என்று சொல்லிக்கொண்டு வந்தார் நாயகர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பெரிய பொய் அதுதான்.

இதோ, ஏரி! மலைகள் வளைந்து நின்று காவல் காக்க, நீர் நீலப்பட்டு விரித்தாற்போல் கிடந்தது. கதவைத் திறந்து குதித்தார் அம்மையார். ஆம், குதித்தார்! கைகளை விரித்து, முதுகை வளைத்து, நிமிர்ந்து, மறுபடி வளைத்து, "என்னங்க, கொஞ்சம்கூட வலிக்கல! எறங்கி வாங்க!" என்று மலை நான்கிலும் எதிரொலிக்கக் கூவினார். முழங்குக முரசம், ஊதுக சங்கம்! சொன்ன சொல் காத்தவர், இடுப்புப் போரில் வாகை சூடியவர், நுரைப்பஞ்சின் நாயகர், வெற்றித்தேரின் கதவு திறந்து, தம் திருப்பாதங்களை அந்தப் புத்தம்புது மண்ணில் பதிக்கப்போகும் பொன்னான தருணம் இதோ, இதோ வந்துவிட்டது!

இடுப்பு பிடித்துக்கொண்டதால் அவரால் இறங்க முடியவில்லை.