பெட்டிக்குப் போட்ட மரியாதை

திருப்பூர்,
13.6.2006

அன்புள்ள மாப்பிள்ளை சசிகுமார் அவர்களுக்கு,

மாமனார் கிட்டுசாமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். தலையை நிமிர்த்த முடியவில்லை என்பது மட்டும்தான் எனக்குக் குறை.

போன ஞாயிறு விருந்தில், நம் பனியன் கம்பெனி செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, புரோகிராம் எழுத நீங்கள் கொடுத்த சாஃப்ட்வேர் சிடி டூப்ளிகேட் என்று நான் சொன்னேன். நீங்கள் இலையில் கைவைக்காமல் எழுந்து பெங்களூர் பஸ் ஏறிவிட்டீர்கள். பெட்டி லேபிள் அடிக்க நானே எழுதிய புரோகிராம் அது. பெட்டி என்று ஒன்று உருவானதும் லேபிள் அடிக்க வேண்டும். பிழை ஒன்றுகூட இல்லை, ஓடியது, பிரிண்டர் மட்டும் கம்மென்று இருந்தது. கோபம் வராதா? நேற்று உங்கள் யாழினிதான் திரையைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, பெட்டி பேருக்குப் பின்னால எதுக்கு வெறும் அடைப்புக்குறி?"

"மொட்டையாப் பேரச் சொன்னா மரியாதையா இல்லியே கண்ணு. 'ங்க' போடற மாதிரி போட்டேன்."

"அதப் போட்டா பெட்டி செய்யுன்னு அர்த்தமில்லீங்க. இந்தப் பேர்ல ஒரு வேலை இருக்குது, என்னன்னு அப்புறம் சொல்றேன்னு அர்த்தம். அதுவும் நம்பிக் காத்துட்டு இருக்குது. கீழ பாருங்க, 'பெட்டிதான் வேணுமா'ன்னு அதுவே கேட்டிருக்குது."

"எப்பக் கேட்டுது?"

"அவர இலையிலிருந்து எழுப்பி விட்டீங்களே, அதுக்கு முந்தியே."

கேட்டது உண்மைதான் மாப்பிள்ளை. எச்சரிக்கை என்று வந்ததை நான்தான் படிக்கவில்லை. நம் செக்கிங் டேபிளில் பழுது மேஜர் என்றால் பீஸைத் தள்ளுவோம், மைனர் என்றால் நூலைக் கத்தரித்து அனுப்பிவிடுவோம். எச்சரிக்கையை மைனர் என்று நினைத்துப் பாஸ் பண்ணிவிட்டேன். அந்த மெசின் என்னிடம் பேசிய பதவிசில் கால்வாசிகூட நான் உங்களிடம் பேசவில்லை. "ஒரு தடவ நான் பார்க்கட்டுங்களா மாமா?" என்றுதானே கேட்டீர்கள்? "பார்த்த வரைக்கும் போதுமுங்க" என்றேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி தயார். ஆனால் அப்பன் எங்கே என்று சபையில் கேட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பது? அவசியம் வாருங்கள். அதே செக்கிங் பெண்கள் முன்னால், சிடி நல்ல சிடி, கோளாறு என்னிடம்தான் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். இனி ஆயுளுக்கும் உங்கள் சிடியைக் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டும்,
மாமனார் கிட்டுசாமி

பி.கு.: எதற்கு வம்பு என்று கண்ணில் பட்ட வெறும் அடைப்புக்குறிகளை எல்லாம், நிஜமான வேலைகளின் பேருக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்து, இப்போதே எடுத்துவிட்டேன். திரை முழுக்கப் பிழை. யோசித்துப் பார்த்தால் அந்த சிடி டூப்ளிகேட்தானுங்க. வரும்போது வேறு ஒன்று கொண்டுவாருங்கள்.